தலை நின்றதா, விரல் நீட்டுகிறதா?

பிள்ளைத்தமிழுக்கு இலக்கணம் வகுத்தவர்கள் குழந்தையின் வளர்ச்சியை மாதக் கணக்கில் பகுத்து வைத்திருக்கிறார்கள். 3ஆம் மாதம் காப்பு, 5இல் செங்கீரை, 7இல் தால், 9இல் சப்பாணி, 11இல் முத்தம், 13இல் வருகை, 15இல் அம்புலி என்று ஒற்றைப்படை மாதங்களாகவே 21 வரை அந்தக் கணக்கு போகும். செங்கீரை என்பது குழந்தை ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுவது. சப்பாணி என்றால் கைகொட்டுவது. வருகை என்றால் தளர்நடை போட்டு வருவது. இன்று குழந்தை மருத்துவர்கள் கையாளும் அட்டவணைகளின் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தால் பெரிய விலகல் எதுவும் தெரியாது. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவான அட்டவணையின் 17 செயல்களில் கைகொட்டுவதும் ஒன்று.

ஒரே ஒரு வேறுபாடு உண்டு. புலவர் பருவத்துக்கு ஒரு மாதம் என்று சொன்னார். குழந்தைகளோ ஒரே மாதத்தில் வரிசை கட்டி வந்து நிற்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் ஆரோக்கியமாக வளர்ந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள். கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வது 5.2 முதல் 13.5க்குள். எதையும் பிடிக்காமல் நிற்பது 6.9 முதல் 16.9க்குள். தனியாக நடப்பது 8.2 முதல் 17.6க்குள். நூற்றுக்கு 4 குழந்தைகள் முட்டிபோட்டுத் தவழாமலே அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறார்கள்.

ஆகவே பக்கத்து வீட்டுக் குழந்தை 9 மாதத்தில் நடந்ததும் இயல்புதான், உங்கள் குழந்தை 15 மாதத்தில் நடப்பதும் இயல்புதான். ஆனால் 18 மாதம் முடிந்தும் நடக்கவில்லை என்றால் அது எல்லையைத் தாண்டிவிட்டது. பெரும்பாலான குடும்பங்களில் நடக்கும் குழப்பம் இங்கேதான். சராசரியையும் எல்லையையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். "ஒரு வயசுல நடக்கணும்" என்பது சராசரி. அதை எல்லையாக எடுத்துக்கொள்பவர் 13ஆம் மாதமே தூக்கத்தைத் தொலைக்கிறார். "ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரி" என்பவர் எல்லையே இல்லை என்று எடுத்துக்கொண்டு 22ஆம் மாதம் வரை பொறுத்திருக்கிறார். இரண்டாவதைக் கண்டுதான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

இணையத்தில் கிடைக்கும் இரண்டு அட்டவணைகளில் ஒரே செயலுக்கு இரண்டு வயது போட்டிருந்தால் அதுவும் இதனால்தான். ஒன்று பாதிக் குழந்தைகள் செய்யும் வயதைச் சொல்லும், இன்னொன்று பெரும்பாலோர் செய்யும் வயதைச் சொல்லும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2022இல் தன் பட்டியலை மாற்றியபோது, 75 சதவீதக் குழந்தைகளாவது செய்யும் வயதுக்கு எல்லாவற்றையும் நகர்த்தியது. தவழ்வதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. திருவனந்தபுரம் அட்டவணை இந்தச் சிக்கலுக்கு நல்ல வழி வைத்திருக்கிறது. டாக்டர் எம்.கே.சி. நாயர் குழுவினர் 1991இல் வெளியிட்ட அதில் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு கிடைக்கோடு இருக்கும். கோட்டின் இடது முனை 3 சதவீதக் குழந்தைகள் அதைச் செய்யும் வயது, வலது முனை 97 சதவீதம் பேர் செய்துமுடிக்கும் வயது. குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் முழுதாக முடிந்துபோன கோடு எதுவோ, அந்தச் செயலைக் குழந்தை செய்தாக வேண்டும். செய்யவில்லையா, அடுத்த கட்டப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பென்சில் கோட்டின் நடுவில் வெட்டினால் இன்னும் நேரம் இருக்கிறது. அங்கன்வாடிப் பணியாளரும் கிராம சுகாதாரச் செவிலியரும் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம்.

கணக்கில் பிழை வரும் இன்னோர் இடம் குறைமாதக் குழந்தைகள். 37 வாரம் நிறையும் முன் பிறந்த குழந்தைக்குப் பிறந்த தேதியை வைத்து வளர்ச்சியை அளக்கக் கூடாது. 40 வாரத்துக்கு எத்தனை வாரம் குறைகிறதோ அதை வயதிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். 32 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு 8 வாரம் குறைவு. பிறந்து 6 மாதம் ஆகியிருந்தாலும் அதனிடம் 4 மாதக் குழந்தையின் செயல்களைத்தான் எதிர்பார்க்க வேண்டும். 2 வயது வரை இப்படிக் கழிக்கலாம். தடுப்பூசிக்கு மட்டும் கழித்தல் கிடையாது, அது பிறந்த தேதிப்படிதான். கழித்த பிறகும் பின்தங்கியிருந்தால் "குறைமாசம்தானே" என்று மறுபடியும் சலுகை கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே சலுகை கொடுத்தாயிற்று. 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். குழந்தை பால் குடித்துக் கால் மணி நேரம் கழிந்து, தூக்கக் கலக்கமோ காய்ச்சலோ இல்லாமல் விளையாடும் நேரமாக இருக்க வேண்டும். தரையில் ஒரு பாய், அதன் மேல் ஒரு போர்வை. உடம்பில் ஜட்டி மட்டும். நாம் உதவக் கூடாது. பாட்டி பின்னாலிருந்து முதுகைத் தாங்கிக்கொண்டு "பாரு, உக்காந்துட்டான்" என்றால் அது கணக்கில் சேராது.

மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு முன்கைகளையும் பிடித்து, மெதுவாக உட்காரும் நிலைக்குத் தூக்குங்கள். ஒரு மாதக் குழந்தைக்குத் தலை பின்னால் தொங்கிக்கொண்டு வரும், அது இயல்பு. 2, 3 மாதத்தில் கொஞ்சம் பின்தங்கி வரும். 4 மாதம் நிறையும்போது தலையும் உடம்பும் ஒரே கோட்டில் சேர்ந்து எழ வேண்டும். அப்போதும் தலை தொங்கினால், அதாவது "தலை நிக்கல" என்றால், அந்த வாரமே காட்ட வேண்டியது. அடுத்து, செங்குத்தாகக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குங்கள். சில குழந்தைகள் தோள் இளகி நம் கைகளுக்கு நடுவே வழுக்கி நழுவுவார்கள். தசை தளர்ந்திருக்கிறது என்று பொருள். வேறு சில குழந்தைகளைத் தூக்கியதும் இரண்டு காலும் விறைத்து, கத்தரிக்கோல் போல ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொள்ளும். தரையில் நிறுத்தினால் நுனிக்காலில் நிற்பார்கள்.

இந்த விறைப்பைத்தான் வீட்டில் பெருமையாக எடுத்துக்கொண்டு விடுகிறார்கள். "மூணு மாசத்துலயே எப்படிக் காலை ஊன்றி நிக்குறா பாருங்க!" "இப்பவே குப்புறக் கவுந்துடுறான்!" 3 மாதத்துக்கு முன்பே உடம்பு கட்டை போலச் சட்டென்று புரள்வதும், இடுப்பு மடங்காமல் விறைத்து நிற்பதும் கெட்டிக்காரத்தனம் அல்ல. இயல்பாகக் கவிழும் குழந்தை முதலில் இடுப்பைத் திருப்பும், பிறகு தோள் வரும், கடைசியில் அடியில் மாட்டிக்கொண்ட கையை இழுத்து எடுக்கும். அந்தப் போராட்டம் இருந்தால் சரி. டயப்பர் மாற்றும்போது கால்களை விரிக்க முடியாமல் அம்மா சிரமப்படுகிறாரா என்று கேட்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

கைகளைப் பாருங்கள். 3 மாதத்துக்குப் பிறகு முஷ்டி பெரும்பாலும் திறந்திருக்க வேண்டும். கட்டைவிரலை உள்ளே மடக்கிய முஷ்டி தொடர்ந்தால் கவனிக்க வேண்டும். 6 மாதத்தை ஒட்டி ஒரு கையிலிருக்கும் பொருளை மறு கைக்கு மாற்றும். 9 முதல் 12 மாதத்துக்குள் ஒற்றைப் பொரியைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளி எடுக்கும். (பொரி வாயில் கரைந்துவிடும், வேர்க்கடலை வேண்டாம். பக்கத்திலேயே இருங்கள்.) ஒரு வயதுக்கு முன் குழந்தை ஒரே கையை மட்டும் பயன்படுத்தினால் "இடது கைப் பழக்கம் போல" என்று விட்டுவிடாதீர்கள். அந்த வயதில் கைப்பழக்கம் ஏற்படாது. பயன்படுத்தாத மறு கை பலவீனமாக இருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் செய்தி. இடது பக்கம் பொம்மையை நீட்டினாலும் வலது கை குறுக்கே வந்து வாங்குகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

குழந்தைக்கு வாய்ப்பே கொடுக்காமல் வளர்ச்சியை எதிர்பார்க்கவும் முடியாது. பகல் முழுக்கத் தூளியிலும் மடியிலும் இருக்கும் குழந்தைக்குக் கழுத்தும் தோளும் எப்படி உறுதிப்படும்? தூங்கும்போது மல்லாக்க, விழித்திருக்கும்போது நம் கண்முன்னே குப்புற. முதல் மாதத்தில் ஒரு தடவைக்கு 2, 3 நிமிடம், நாளுக்கு 3, 4 தடவை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். அழுதால் உங்கள் நெஞ்சின் மேலேயே குப்புறப் போட்டுக்கொள்ளுங்கள், முகம் பார்க்க அது தலையைத் தூக்கும். வாக்கர் என்று விற்கிறார்களே, நடுவில் உட்கார வைத்துச் சுற்றிலும் சக்கரம் உருளும் அது, வேண்டவே வேண்டாம். அதில் குழந்தை நடப்பதில்லை, தொங்கிக்கொண்டு நுனிக்காலால் உந்துகிறது. இடுப்புக்கும் முதுகுக்கும் வேலை இல்லை. மாடிப்படியில் உருண்டு விழும் ஆபத்தும் உண்டு. கனடாவில் 2004இலிருந்து அதன் விற்பனைக்கே தடை. நம் பழைய மர நடைவண்டி வேறு வகை. குழந்தை தானாக எழுந்து நின்று, தன் எடையைத் தானே தாங்கித் தள்ளிக்கொண்டு போகிறது. நிற்கத் தொடங்கிய பிறகு சமதரையில் பக்கத்தில் ஆள் இருக்க அதைக் கொடுக்கலாம்.

நடை தாமதமானால் கண்ணில் படும். பேச்சு அப்படி இல்லை, கண்ணில் படுவதற்குள் ஒன்றரை வருடம் கழிந்துவிடும். அதனால் பேச்சுக்கு முன்னால் வருவதைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

முகம் பார்த்துச் சிரிப்பது 2 மாதத்தில் வரும், 3 மாதம் தாண்டக் கூடாது. தூக்கத்தில் தானாகச் சிரிப்பது வேறு. நாம் சிரித்தால் பதிலுக்குச் சிரிக்க வேண்டும். பிள்ளைத்தமிழின் தால் பருவம் 7ஆம் மாதம். தால் என்றாலே நாக்கு. அந்தக் காலத்தை ஒட்டித்தான் "பபப", "ததத" என்று மெய்யும் உயிரும் சேர்ந்த மழலை தொடங்கும். 9 மாதத்தில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பும். 12 மாதத்துக்குள் டாட்டா காட்டும், "வா" என்றால் கை நீட்டும். இந்தச் சைகைகளும் மழலையும் 12 மாதம் முடிந்தும் இல்லையென்றால், 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லையென்றால், 24 மாதத்தில் "அப்பா வா", "பால் வேணும்" போலத் தானாக இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லையென்றால் காத்திருக்கக் கூடாது.

எதைச் சொல் என்று எண்ணுவது? ஒரே பொருளுக்கு எப்போதும் ஒரே ஒலியைச் சொன்னால் அது சொல். சோற்றுக்கு "மம்மம்", வண்டிக்கு "டுர்ர்", நாய்க்கு "வவ்வவ்" எல்லாமே கணக்கில் சேரும். அழும்போது வரும் "ம்மா" சேராது. இரண்டரை வயதில் ஏ பி சி டி முழுதும், ஒன்றிலிருந்து இருபது வரையும் ஒப்பிக்கும், ஆனால் தாகம் எடுத்தால் "தண்ணி" என்று கேட்காத குழந்தைகள் இப்போது நிறைய. பெற்றோர் "நல்லா பேசுறானே" என்கிறார்கள். அது கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது. அடுத்தவரிடம் தன் தேவையைச் சொல்வதும், பதில் சொல்வதும், காட்டி மகிழ்வதும்தான் மொழி. இந்திய குழந்தை மருத்துவர் சங்கம் 2 வயது வரை திரையே வேண்டாம் என்கிறது, 2 முதல் 5 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள்.

எல்லாவற்றையும் விட நான் முதலில் கேட்பது விரல் நீட்டுவதைப் பற்றித்தான். அம்புலிப் பருவத்தில் தாய் நிலாவைக் காட்டி, "என் பிள்ளையோடு விளையாட வா" என்று அழைக்கிறாள். அதில் மூன்று பேர் இருக்கிறார்கள்: தாய், பிள்ளை, நிலா. தாயின் விரல் போகும் திசையில் குழந்தை பார்க்க வேண்டும், நிலாவைக் கண்டுவிட்டுத் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும். இந்த முக்கோணம் 12 மாதத்தை ஒட்டி உருவாகத் தொடங்கும். வீட்டில் இப்படிப் பாருங்கள். குழந்தைக்கு எதிரே ஒரு கை தூரத்தில் உட்காருங்கள். அது உங்களைப் பார்க்கும் நேரத்தில், அறையின் மறுகோடியில் உள்ள ஒரு பொருளை நோக்கி விரல் நீட்டி "அங்க பாரு!" என்று சொல்லுங்கள். பொருளின் பெயரைச் சொல்லாதீர்கள், பெயர் தெரிந்தே அது திரும்பிவிடக் கூடும். உங்கள் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறதா, விரல் போன திசையில் பார்க்கிறதா, பார்த்துவிட்டு உங்கள் முகத்துக்கு வருகிறதா?

பிறகு குழந்தை தானாக நீட்டுவது. அதில் இரண்டு வகை உண்டு. அலமாரியில் இருக்கும் பிஸ்கட்டைக் காட்டிக் கேட்பது ஒன்று. வானத்தில் போகும் விமானத்தையோ தெருவில் போகும் மாட்டையோ காட்டி, "நீயும் பாரேன்" என்று நம்மை அழைப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வகைக்கு எந்த லாபமும் இல்லை, பகிர்ந்துகொள்ளும் ஆசை மட்டும்தான். 18 மாதத்தில் அது இருக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் குழந்தை நம் முகத்தைப் பார்க்காமலே நம் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பிரிட்ஜின் கைப்பிடியில் நம் கையை வைக்கிறதா? அதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். ஆட்டிசம் இருக்குமோ என்று பார்க்க 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்குப் பயன்படும் எம்-சாட் என்ற 20 கேள்விப் பட்டியலில் விரல் நீட்டுவதைப் பற்றி மட்டும் சில கேள்விகள் இருக்கின்றன. அதில் 3 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் வந்தால் கூடுதல் விசாரணை தேவை, 8ம் அதற்கு மேலும் வந்தால் நேரடியாக முழுப் பரிசோதனை. மதிப்பெண் கூடியதாலேயே ஆட்டிசம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அது சல்லடை மட்டுமே.

பேச்சு வராத குழந்தைக்கு முதலில் காது. விதிவிலக்கே கிடையாது. தட்டைத் தட்டினால் திரும்புகிறான், கதவு அறைந்தால் திடுக்கிடுகிறான், ஆகவே காது கேட்கிறது என்று நம்பியே எத்தனையோ குழந்தைகளுக்கு வருடங்கள் போயிருக்கின்றன. தட்டின் அதிர்வு தரை வழியே எட்டும், கையின் நிழல் கண்ணில் படும். அதைவிட முக்கியம், உரத்த ஒலி கேட்டும் பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். "ச", "ஃப" போன்றவை கேட்காத குழந்தைக்குப் பேச்சு தெளிவில்லாத முணுமுணுப்பாகத்தான் விழும். காது கேளாத குழந்தையும் முதல் ஆறேழு மாதம் மழலை பேசும், பிறகுதான் அது மங்கும். ஆதலால் மழலையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பிறந்த ஒரு மாதத்துக்குள், ஒலிக்கு உட்செவி பதில் தருகிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.இ. பரிசோதனை, அதில் தேறாவிட்டால் 3 மாதத்துக்குள், ஒலி நரம்பு வழியே மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா செய்து உறுதிப்படுத்துவது, 6 மாதத்துக்குள் காதொலிக் கருவியும் பயிற்சியும். இந்த 1-3-6 கணக்கு நடந்தால் குழந்தை தன் வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்தே பேசக் கற்க நல்ல வாய்ப்பு உண்டு. ஓ.ஏ.இ.யில் தேறியிருந்தாலும், பேச்சு தாமதமானால் பெரா செய்து பார்க்க வேண்டும். காதின் நரம்பில் குறை இருந்தால் ஓ.ஏ.இ.யில் அது தெரியாது.

நாக்கில் வசம்பு தேய்ப்பது, தேன் தடவுவது, நாக்கின் அடித்தோலை வெட்டுவது ஆகியவற்றால் பேச்சு வருவதில்லை. நாக்குக் கட்டு இருந்தால் பால் குடிப்பதில் சிரமம் வரலாம், சில எழுத்துகள் திருந்தாமல் இருக்கலாம், பேச்சே வராமல் போகாது. ஒரு வயதுக்கு முன் தேன் கொடுப்பது பாட்டுலிசம் என்ற நச்சுநோய்க்கு இடம்கொடுக்கும். வீட்டில் தமிழும் தெலுங்கும், பள்ளியில் ஆங்கிலமும் என்பதாலும் பேச்சு தாமதமாகாது. இரண்டு மொழியிலும் தெரிந்த சொற்களைச் சேர்த்து எண்ண வேண்டும், அவ்வளவுதான்.

இதுவரை சொன்னவற்றுக்குச் சில நாள், சில வாரம் அவகாசம் உண்டு. இனிச் சொல்வதற்கு இல்லை.

குழந்தை ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டால், அதாவது சிரித்த குழந்தை சிரிக்காமல், உட்கார்ந்த குழந்தை உட்காராமல், பேசிய பத்துச் சொல்லும் போய்விட்டால், எந்த வயதாக இருந்தாலும் உடனே மருத்துவமனை. 3 மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில், தூங்கி எழுந்த நேரமாகப் பார்த்து, தலை சட்டென்று முன்னால் கவிழ்ந்து, இரண்டு கையும் அகன்று உள்ளே வருவது போல ஒரு வெட்டு வந்து போகும். ஒரு நொடி, இரண்டு நொடி. சில நொடி கழித்து மறுபடி. இப்படி வரிசையாகப் பத்து, இருபது. நடுவில் குழந்தை அழலாம். "பயந்துருக்கு", "வயித்து வலி", "உரம் விழுந்திருக்கு" என்று துணியில் போட்டு உருட்ட ஆள் தேடுவார்கள். இது குழந்தை வலிப்பின் ஒரு வகை. மூளையின் வளர்ச்சியையே தடுத்து நிறுத்தும். மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்தால் தெரியும், மருந்து உண்டு, தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் இழப்பு. திடுக்கிடலுக்கும் இதற்கும் வேறுபாடு எளிது: திடுக்கிடல் ஒரு சத்தத்துக்கோ அசைவுக்கோ ஒருமுறை வரும், இது காரணமே இல்லாமல் வரிசையாக வரும்.

இன்னொன்று பி12 சத்துக் குறைவு. தாய்க்கு அந்தச் சத்து குறைவாக இருந்து, 6 மாதம் கடந்தும் தாய்ப்பால் தவிர வேறு எதுவும் சரியாகச் சாப்பிடாத குழந்தை மெல்ல மந்தமாகும். கொழுகொழுவென்றே இருக்கலாம். ஆனால் வெளிறி, விரல் முட்டிகள் கறுத்து, முடி செம்பட்டையாகி, சிரிப்பை நிறுத்திவிடும். கைகால் நடுக்கமும் வரலாம். பி12 கொடுத்ததும் சில நாளிலேயே முகத்தில் களை திரும்புவதைப் பார்க்கலாம். காலம் கடந்தால் முழுதாகத் திரும்பாது.

"அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினார்." இந்த ஒரு வாக்கியம் தின்ற மாதங்களை எண்ணி மாளாது. சொல்பவர் அன்பால்தான் சொல்கிறார், தாயின் மனம் நோகக் கூடாதென்று. அப்பா அப்படிப் பேசியது உண்மையாகவும் இருக்கலாம். தாமதமாகப் பேசும் குழந்தைகளில் பலர் தாமாகவே சேர்ந்துகொள்கிறார்கள் என்பதும் உண்மை. அவர்களுக்குச் சொன்னது எல்லாம் புரியும், விரல் நீட்டும், பொம்மைக்குச் சோறூட்டி விளையாடும், நாக்கு மட்டும் பின்தங்கும். இந்த மூன்றும் இருக்கிறதா என்று பார்க்காமல் அப்பாவை உதாரணம் காட்டக் கூடாது. பரிசோதித்துப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று தெரிந்தால் போனது ஒரு நாள். பரிசோதிக்காமல் விட்டு "இருந்தது" என்று தெரிந்தால் போவது மூளை மிக வேகமாக வளரும் காலம். நோயின் பெயர் தெரியும்வரை பயிற்சிக்குக் காத்திருக்கவும் வேண்டாம். உட்காராத குழந்தைக்கு உட்காரப் பயிற்சி தேவை என்பதற்கு எம்.ஆர்.ஐ. அறிக்கை வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் எங்கே போவது? மத்திய அரசு 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்துக்கு 2 முறை வர வேண்டும். அவர்கள் அனுப்பும் இடம் டி.இ.ஐ.சி., அதாவது மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ இருக்கும். குழந்தை மருத்துவர், பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, காது, கண் எல்லாம் ஒரே இடத்தில், கட்டணம் இல்லாமல். யாரும் அனுப்பாவிட்டாலும் நேராகப் போய்க் கேட்கலாம். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனமான நிப்மெட்டிலும் பரிசோதனையும் பயிற்சியும் உண்டு. உட்செவியில் அறுவை செய்து காக்ளியர் கருவி பொருத்த வேண்டிய சிறு குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வழி இருக்கிறது. ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆட்டிசம் சரியாகும் என்று லட்சங்களில் கேட்பவர்களிடம் போகாதீர்கள். அதற்குச் சான்று இல்லை.

டி.இ.ஐ.சி. மையத்தில் முதலில் தலைச் சுற்றளவை அளப்பார்கள். பிறக்கும்போது சுமார் 34 செ.மீ. இருக்கும், முதல் 3 மாதம் மாதத்துக்கு 2 செ.மீ., அடுத்த 3 மாதம் 1 செ.மீ., பிறகு அரை செ.மீ. கூடி, ஒரு வயதில் 46 அளவில் நிற்கும். ஒரு தடவை அளந்ததை விட, வளர்ச்சி அட்டையில் கோடு எந்தப் பக்கம் வளைகிறது என்பதுதான் முக்கியம். தைராய்டு, ரத்தசோகை, காது, கண் பார்ப்பார்கள். 18 மாதமாகியும் நடக்காத ஆண் குழந்தைக்கு சி.கே. என்ற ரத்தப் பரிசோதனை கேட்பார்கள், தசை நோய் இருந்தால் அதில் தெரியும். பிறகு டி.கியூ., அதாவது வளர்ச்சி ஈவு என்று ஓர் எண் சொல்வார்கள். 20 மாதக் குழந்தை 14 மாதக் குழந்தையின் செயல்களைச் செய்தால் 14ஐ 20ஆல் வகுத்து 100ஆல் பெருக்கி 70. இயக்கம், பேச்சு, பழக்கம் என்று ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். ஒட்டுமொத்த எண்ணில் எங்கே ஓட்டை என்பது மறைந்துவிடும். அந்த எண் அன்றைய நிலைமையைச் சொல்வது. ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும்.

போகும்போது பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு, தாய் சேய் நல அட்டை, இதுவரை எடுத்த ரிப்போர்ட் எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும். பிறந்ததும் அழுததா, எத்தனை நாள் ஐ.சி.யூ.வில் இருந்தது, மஞ்சள் காமாலைக்கு விளக்கு வைத்தார்களா, வலிப்பு வந்ததா என்று நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள், அங்கே போய்ப் பதற்றத்தில் மறந்துவிடும். அத்தை பிள்ளை, மாமா பிள்ளை, தாய்மாமன் வகையில் திருமணம் என்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள், பரிசோதனைகளின் வரிசையே அதனால் மாறும்.

புது இடத்தில் குழந்தை அழும், வீட்டில் செய்வதில் பாதியையும் செய்யாது. ஆகவே செல்போனில் முந்தின நாளே மூன்று வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். குழந்தை தரையில் தனியாக விளையாடுவது ஒன்று, முழு உடம்பும் தெரியும்படி. உங்களோடு விளையாடுவது ஒன்று, உங்கள் முகமும் அதன் முகமும் தெரியும்படி. பின்னாலிருந்து இரண்டு தடவை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது ஒன்று, டி.வி.யை அணைத்துவிட்டு. வெட்டு வெட்டாக வரும் அசைவு ஏதாவது இருந்தால் அதையும் எடுங்கள், ஆனால் அதற்கு மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம், எடுத்த கையோடு கிளம்புங்கள்.